சென்ட்ராலியா: ஊரைக் கொளுத்தியது தீயணைப்புக் குழுவா?

ஜனவரி 11 (கேள்வி)

பென்சில்வேனியாவில் சென்ட்ராலியா என்று ஓர் ஊர், 1962லிருந்து மண்ணுக்கு அடியில் எரிந்துகொண்டே இருக்கிறது, ஊரே காலியாகிவிட்டது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதைக் கொளுத்தியதே அந்த ஊர் தீயணைப்புக் குழுதானாம். வேலியே பயிரை மேய்ந்த கதை. அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், இது உண்மையா, கட்டுக்கதையா?

ஜனவரி 11, இரவு

தீ வைத்தது பெரும்பாலும் உண்மை. பயிரை மேய்ந்தார்கள் என்பது அநியாயம். நான் பென்சில்வேனியாவில்தான் இருக்கிறேன், எங்கள் ஊர் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் உறுப்பினர். அதனால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் தகவல் இல்லை.

நாளை விரிவாக எழுதுகிறேன். அதற்குள் ஒன்று மட்டும்: அந்த ஆட்கள் தாங்களாகப் போய்க் கொளுத்தவில்லை. ஊர்மன்றம் கூப்பிட்டுக் கொடுத்த வேலை அது.

ஜனவரி 12

முதலில் ஊரைப் பற்றி. சென்ட்ராலியா நிலக்கரிக்காகவே பிறந்த ஊர். 1866இல் முறைப்படி ஊராட்சி ஆனது. 1890இல் 2,700 பேருக்கு மேல் இருந்தார்கள், அதுதான் உச்சம். கீழே இருப்பது ஆந்த்ரசைட், நிலக்கரியிலேயே மிகக் கடினமான, மிகச் சூடாக எரியும் வகை. 1929 பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பிறகு நிலக்கரிக் கம்பெனி அங்கிருந்த 5 சுரங்கங்களை மூடிவிட்டது. வேலை போன ஆட்கள் சும்மா இருப்பார்களா? மூடிய சுரங்கங்களுக்குள் இரவில் இறங்கித் திருட்டுத்தனமாகத் தோண்டினார்கள். கூரையைத் தாங்க விட்டுவைத்த நிலக்கரித் தூண்களையும் வெட்டி எடுத்தார்கள். ஆக 1962 வருவதற்குள் ஊருக்கு அடியில் யாரும் முழுசாக அளந்து வைக்காத பொந்துகள், இடிந்த சுரங்கவழிகள், காற்றுப் போக ஏகப்பட்ட வழிகள்.

அந்த வருடத் தொடக்கத்தில் ஊர்மன்றம் ஒரு புதுக் குப்பைக்கிடங்கு திறந்தது. இடம், 1930களில் தோண்டிக் கைவிட்ட திறந்தவெளிச் சுரங்கக் குழி. பக்கத்திலேயே இடுகாடு. மாநில ஆய்வாளர் வந்து பார்த்து, குழியின் சுவரிலும் தரையிலும் இருக்கும் ஓட்டைகளை எரியாத பொருளால் அடைக்கச் சொன்னார். சுரங்கக் குழியில் குப்பை கொட்டினால் தீப்பிடித்துக் கீழே இறங்கும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். அதற்காகவே 1956இல் மாநிலம் சட்டம் போட்டிருந்தது.

அந்தக் காலத்தில் மே 30தான் போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாள். ஊரே இடுகாட்டுக்கு வரும். பக்கத்தில் குப்பை நாறிக்கொண்டு, எலி ஓடிக்கொண்டிருந்தால் யாருக்குப் பொறுக்கும்? ஊர்மன்றம் தன்னார்வத் தீயணைப்புக் குழுவிலிருந்து 5 பேரை அமர்த்தியது. மே 27, ஞாயிற்றுக்கிழமை, குப்பைக்குத் தீ வைத்து எரியவிட்டுத் தண்ணீர் அடித்து அணைத்தார்கள். முந்தைய வருடங்களில் வேறு குப்பைமேடுகளில் இதே மாதிரி செய்து பழக்கம்.

அதோடு முடியவில்லை. மே 29 மறுபடி தழல் தெரிந்தது, போய் ஹோஸ் போட்டு அணைத்தார்கள். ஜூன் 4 மறுபடி. புல்டோசர் வைத்துக் குப்பையைக் கிளறிக் கிளறி, அடியில் கனன்றதை ஒவ்வொரு அடுக்காக நனைத்தார்கள். சில நாள் கழித்துத்தான் குழியின் வடக்குச் சுவரின் அடியில் சுமார் 15 அடி அகலத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. குப்பை மறைத்திருந்த ஓட்டை. அடைக்கப்படாத ஓட்டை. அதன் வழியாக நெருப்பு நிலக்கரிப் படுகைக்குள் போய்விட்டிருந்தது.

நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வது அடுப்படி அனுபவம். மேலே சாம்பல் ஆறிக் கிடக்கும், கை வைத்தால் சுடும். அங்கே நடந்தது அதுதான், சாம்பலுக்குப் பதில் மலை.

ஜனவரி 12, அப்புறம்

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. இதுதான் எனக்கு இந்த மொத்த வரலாற்றிலும் உறுத்துகிற இடம்.

1962 மே மாத ஊர்மன்றக் கூட்டக் குறிப்பில் நினைவு நாளுக்குள் கிடங்கைச் சுத்தம் செய்வது பற்றிப் பேசியது இருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது என்பது இல்லை. குப்பைக்கிடங்கில் தீ வைப்பது சட்டப்படி தவறு என்பதால் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். பிறகு தீ பற்றி நிலக்கரிக் கம்பெனிக்குக் கடிதம் எழுதியபோதும், காரணம் தெரியாத தீ, அசாதாரண வெயில் காலத்தில் வந்தது என்கிற பாணியில்தான் எழுதினார்கள்.

தீ வைக்கச் சொன்னவர்களின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. வைத்தவர்கள் எல்லோர் நினைவிலும் இருக்கிறார்கள். அதனால்தான் 60 வருடம் கழித்தும் காணொளி போடுகிறவர் தீயணைப்புக் குழுவை மட்டும் கையைக் காட்டுகிறார்.

ஜனவரி 14

"சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தார்கள், அப்புறம் என்ன தன்னார்வம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்தான். நம் ஊரில் தீயணைப்புத் துறை என்றால் அரசு வேலை, காக்கிச் சட்டை, மாதச் சம்பளம். இங்கே அப்படி இல்லை. பென்சில்வேனியாவில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட தீயணைப்புக் குழுக்கள் தன்னார்வலர்களால் நடப்பவை. பகலில் ஒருவர் லாரி ஓட்டுவார், ஒருவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பார், ஒருவர் பண்ணைக்காரர். பேஜர் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். தீயணைப்புக்குச் சம்பளம் இல்லை. குப்பைக்கிடங்கைச் சுத்தம் செய்வது தீயணைப்பு இல்லையே. ஊருக்கு வேண்டிய தனி வேலை, அதற்குக் கூலி. அவ்வளவுதான்.

இந்த வழக்கம் பழையது. 1736 டிசம்பர் 7 அன்று பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் நண்பர்களும் ஃபிலடெல்ஃபியாவில் யூனியன் ஃபயர் கம்பெனி தொடங்கினார்கள். ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டில் தோல் வாளிகளும், எரியும் வீட்டிலிருந்து சாமான்களை அள்ளிவர வலுவான பைகளும் தயாராக வைத்திருக்க வேண்டும். மாதக் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம். எங்கள் குழுவிலும் மாதக் கூட்டம் உண்டு. அபராதம் இல்லை, ஆனால் வராதவரை அடுத்த கோழி விருந்துக்குப் பாத்திரம் கழுவப் போட்டுவிடுவார்கள்.

நான் உள்ளே போய்த் தீயணைக்கும் ஆள் இல்லை. எங்களுக்கு ஃபயர் போலீஸ் என்று பெயர். மஞ்சள் மேலங்கி, கையில் ஒளிரும் தடி, விபத்து நடந்த இடத்தில் சாலையை மறித்து வண்டிகளைத் திருப்பிவிடுவது எங்கள் வேலை. உறுதிமொழி எடுத்துத்தான் சேர வேண்டும். சேர்ந்த புதிதில் பனி கொட்டிய ஓர் இரவு, திருப்பத்தில் தனியாக நின்றேன். தொலைவில் தீயணைப்பு வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. ஒரு லாரி என்னைப் பார்த்து நிதானித்து நின்றதும்தான் இதன் கனம் புரிந்தது: உள்ளே வேலை செய்கிற நான்கு பேரின் முதுகைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அன்றிலிருந்து இந்தக் குழுவைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

ஜனவரி 14, இரவு

ஆமாம், கோழி விருந்து. கேட்டவர் கேலியாகக் கேட்டிருந்தாலும் விளக்கமாகவே சொல்கிறேன். வண்டி, ஹோஸ், மூச்சுக்கருவி எல்லாம் வாங்கப் பெரும்பகுதிப் பணம் நாங்களே திரட்ட வேண்டும். கோழி பார்பெக்யூ, காலைப் பான்கேக், பிங்கோ, தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மீன் வறுவல். நிலக்கரி வட்டாரத்தில் இன்னும் களைகட்டும். அங்கே பிளீனி என்று உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடை ஒன்று, தேவாலயத் திருவிழாவிலும் ஃபயர் கம்பெனி திருவிழாவிலும் வரிசையில் நின்று வாங்குவார்கள். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் அந்த வட்டாரத்தில் பிறந்தவர். தீயணைப்பு நிலையத்தை அவர் "ஹோசி" என்றுதான் சொல்வார். அவர் அப்பா காலத்தில் சுரங்கத்திலிருந்து மேலே வந்தவர்கள் நேராக ஹோசிக்கு வந்து ஒரு பீர் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்களாம். கல்யாணம், கருமாதி, தேர்தல், எல்லாம் அந்த மண்டபத்தில்.

அந்த மாதிரி ஊரில் ஊர்மன்றமும் தீயணைப்புக் குழுவும் தனித்தனி ஆட்கள் இல்லை. மாமன் இங்கே, மச்சான் அங்கே. "ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அந்தக் குப்பையைப் பார்த்துவிடுங்கள்" என்று கேட்டால் யார் மறுப்பார்கள்?

ஜனவரி 17

வேறு காரணம் சொல்கிறவர்களும் உண்டு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்டு. ஒன்று, குப்பை வண்டிக்காரர் யாரோ வீட்டு அடுப்புகளிலிருந்து எடுத்த அணையாத சாம்பலைக் கொண்டுவந்து கொட்டினார், அதிலிருந்து பற்றியது என்பது. இன்னொன்று, 1932இல் பாஸ்ட் சுரங்கத்தில் நடந்த வெடிப்பின் தீ அணையாமலே கீழே நகர்ந்து வந்து 1962இல் வெளிப்பட்டது என்பது. ஆழமாக ஆராய்ந்து எழுதியவர்களே இதில் ஒத்துப்போகவில்லை. நான் குப்பை எரிப்பைத்தான் நம்புகிறேன். கூட்டக் குறிப்பில் இருக்கும் அந்த மௌனம்தான் எனக்குப் பெரிய சான்று. மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் எழுதியிருப்பார்கள்.

எந்தக் கதையை எடுத்தாலும் ஒரு விஷயம் மாறாது. வாரக்கணக்கில் ஹோஸோடு அந்தக் குழிக்கு ஓடியவர்கள் அந்தத் தன்னார்வலர்கள்தான்.

ஜனவரி 18

தண்ணீர் ஏன் பலிக்கவில்லை என்று கேட்டது நல்ல கேள்வி. வீட்டுத்தீயில் எரிவது கண்முன்னே இருக்கும், தண்ணீர் அங்கே போய்ச் சூட்டைக் குடித்துவிடும். நிலக்கரிப் படுகையில் தீ எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. ஆவி வரும் இடத்தில் தீ இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காற்று ஓர் ஓட்டையில் உள்ளே போய், நூறடி தள்ளி இன்னொன்றில் புகையாக வெளியே வரும். சுற்றியுள்ள பாறை சூட்டை வெளியே விடாது. மேல்பகுதியை நனைத்தாலும் பாறை மறுபடி சூடாக்கிவிடும். நிலக்கரி எரிந்து சாம்பலானதும் மேல்தளம் இறங்கும், இறங்கினால் வெடிப்பு விழும், வெடிப்பு வழியாகப் புதுக் காற்று. தனக்கு வேண்டிய காற்றைத் தானே வரவழைத்துக்கொள்கிற தீ.

இதை இரண்டு ஹோஸும் ஒரு வண்டியும் வைத்திருக்கிற ஊர்க்குழு அணைத்திருக்க முடியுமா? வழியே இல்லை. அவர்களால் முடிந்தது முதல் வாரத்தில் மட்டும், அந்த ஓட்டை அப்போது கண்ணில் பட்டிருந்தால்.

ஜனவரி 18, கொஞ்ச நேரம் கழித்து

இல்லை, முதல் வாரத்தோடு வாய்ப்பு முடிந்தது என்று எழுதியதில் எனக்கே திருப்தி இல்லை. கோடை முழுக்க வாய்ப்பு இருந்தது. அது தீயணைப்புக் குழுவின் கையில் இல்லை.

மாநிலச் சுரங்கத்துறைப் பொறியாளர் ஒருவர், எரியும் குப்பையை நீராவி மண்வாரி வைத்துத் தோண்டி எடுத்துவிடலாம், 175 டாலர் ஆகும் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார். நூற்று எழுபத்தைந்து. நடக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு சுரங்கக்காரர், தோண்டும்போது கிடைக்கும் நிலக்கரியை உரிமைத்தொகை இல்லாமல் எனக்குக் கொடுங்கள், இலவசமாகவே தோண்டித் தருகிறேன் என்றார். அதுவும் நடக்கவில்லை. நிலக்கரி யாருக்குச் சொந்தம் என்கிற சிக்கல். ஆகஸ்ட் 9 அன்று சுற்றுப்புறச் சுரங்கங்களில் உயிரைப் பறிக்கும் அளவு கார்பன் மோனாக்சைடு இருப்பதைக் கண்டு வேலையை நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 22தான் மாநிலத்தின் முதல் தோண்டும் வேலை தொடங்கியது, சுமார் 20,000 டாலருக்கு.

அது நடந்த விதம்: பகலில் மட்டும், 8 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள். செப்டம்பர் தொடக்கத்தில் தொழிலாளர் தின விடுமுறைக்காக 5 நாள் வேலையே இல்லை. தீ எங்கே இருக்கிறது என்று முதலில் துளையிட்டுப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. ஆவி வரும் இடத்தை வைத்து மதிப்பிட்டு வரைந்த படத்தின்படி தோண்ட வேண்டும். தோண்டத் தோண்டப் பழைய சுரங்க அறைகள் திறந்து காற்று உள்ளே பாய்ந்தது, தீ அவர்களுக்கு முன்னால் ஓடியது. 58,000 கன கெஜத்துக்கு மேல் மண் எடுத்த பிறகு, அக்டோபர் கடைசியில் பணம் தீர்ந்தது. இரண்டாவது முயற்சியில், துளையிட்டு நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு கலந்து சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். அந்தக் குளிர்காலம் கடுமை, தண்ணீர்க்குழாய்கள் உறைந்தன. 1963 மார்ச்சில் அதுவும் நின்றது.

1983இல் ஓர் ஆய்வு, முழுதாகத் தோண்டி அணைக்க 66 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்றது. 175 டாலரில் தொடங்கியது.

ஜனவரி 19

"175 டாலரை ஹோசியில் ஒரு பிங்கோ நடத்தியே எடுத்திருக்கலாமே" என்று ஒருவர் எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. எடுத்திருக்கலாம். கண்டிப்பாக எடுத்திருக்கலாம். அந்தத் தொகை ஒரு சாயங்கால வேலை.

ஜனவரி 23

சில நாளாக யோசித்ததை எழுதுகிறேன். "உங்கள் ஆட்கள் என்பதால் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறீர்கள்" என்று ஒருவர் சொன்னது நியாயம் இல்லாமல் இல்லை.

எங்கள் ஊரில் பாழடைந்த ஒரு வீட்டைப் பயிற்சிக்காக எரித்துக்கொள்ளுங்கள் என்று உரிமையாளர் கொடுத்தார். எங்களுக்கெல்லாம் ஆர்வம். தலைவர் மறுத்துவிட்டார். வீடு யாருடையது என்கிற பத்திரம், காப்பீடு ரத்து, கல்நார் எடுத்ததற்கான சான்று, ஊராட்சியின் கையெழுத்து, எல்லாம் தாளில் வந்த பிறகுதான் தீக்குச்சி என்றார். மாதக்கணக்கில் இழுத்தது. சிலர் முணுமுணுத்தார்கள். இந்தக் கெடுபிடி சும்மா வந்ததில்லை. 1982இல் கொலராடோவின் போல்டரில் பயிற்சித்தீயில் தீயணைப்பு வீரர்கள் 2 பேர் இறந்தார்கள். 1986இல் நிஜத் தீயோடு பயிற்சி செய்வதற்கான தேசிய விதிமுறை முதன்முதலாக வந்தது.

ஆக, தன்னார்வக் குழுவுக்கு மறுக்கும் உரிமை உண்டு. சென்ட்ராலியா குழு அன்று "எழுத்தில் கொடுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஊர்மன்றம் கொடுத்திருக்காது, ஏனென்றால் கொடுக்க முடியாது, சட்டவிரோதம். தீயும் வைத்திருக்கமாட்டார்கள். இது உண்மை. இதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் 1962இல் அந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்பது எப்படிப்பட்ட காரியம் என்பதையும் யோசியுங்கள். விதிப்புத்தகம் கையில் இல்லை. சுரங்கங்கள் மூடி ஊர் வருமானம் சுருங்கிய காலம். கேட்பவர் அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர். ஓட்டைகளை அடைக்க வேண்டியது குழுவின் வேலையும் இல்லை. ஆய்வாளர் சொன்னது ஊர்மன்றத்திடம். அடைத்திருப்பார்கள் என்று நம்பித்தான் நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

ஜனவரி 24

ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரித் தீயைப் பேச்சில் எடுத்து வந்தவருக்கு: ஆம், அது இதைவிடப் பழையது, 1916லிருந்து எரிகிறது, இதைவிடப் பல மடங்கு மக்கள் அதன் மேல் வாழ்கிறார்கள். தனி இழைக்குரிய விஷயம், இங்கே கலக்க வேண்டாம். பென்சில்வேனியாவிலேயே லாரல் ரன் என்ற இடத்தில் 1915லிருந்து எரிகிறது, சுரங்கத்தொழிலாளர் விட்டுப்போன விளக்கிலிருந்து பற்றியது என்பார்கள். சென்ட்ராலியா பெயர் பெற்றது பழமையால் இல்லை. ஒரு முழு ஊர் கண்முன்னே போனதால்.

ஜனவரி 26

ஊர் எப்படிப் போனது என்பதையும் எழுதிவிடுகிறேன், பலர் கேட்டுவிட்டீர்கள்.

20 வருடம் மெதுவாகப் போனது. 1979இல் பெட்ரோல் பங்க் வைத்திருந்த மேயர் தன் நிலத்தடித் தொட்டியின் சூட்டை அளந்து பார்த்தார்: பெட்ரோல் சுமார் 78 டிகிரி செல்சியஸ். 1981 பிப்ரவரி 14 அன்று 12 வயதுப் பையன் ஒருவன் பாட்டி வீட்டுப் பின்புறத்தில் நின்றிருந்தபோது காலுக்கடியில் மண் வாய் பிளந்தது. மரவேரைப் பிடித்துத் தொங்கினான், உறவுக்காரப் பையன் இழுத்துக் காப்பாற்றினான். குழியின் ஆழம் சுமார் 150 அடி, வந்த ஆவியில் உயிரைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்சைடு. அதற்கப்புறம்தான் நாடு திரும்பிப் பார்த்தது.

வீடுகளுக்குள் வாயு அளக்கும் கருவி வைத்தார்கள். ஒரு தெருவில் கருவி அலறும், அடுத்த தெருவில் ஒன்றுமே இருக்காது. அதனால் ஊர் இரண்டாகப் பிரிந்தது. போய்விடலாம் என்றவர்களும், ஒன்றும் ஆகாது, அரசு நம் காலுக்கடியில் இருக்கும் நிலக்கரியைப் பிடுங்கப் பார்க்கிறது என்றவர்களும். இரண்டாவது பேச்சைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளமுடியாது. 1950லிருந்து அந்த நிலக்கரியின் உரிமை ஊராட்சியிடம் இருந்தது. ஊராட்சி இல்லாமல் போனால் உரிமையும் போகும். 1983 ஆகஸ்டில் வாக்கெடுப்பு நடத்தினார்கள்: போகலாம் 345, இருக்கலாம் 200. அந்த வருடமே மத்திய அரசு இடமாற்றத்துக்கு 4.2 கோடி டாலர் ஒதுக்கியது. ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள், சுமார் 500 கட்டடங்களை இடித்தார்கள். 1992இல் மிச்ச நிலத்தையும் மாநிலம் கையகப்படுத்தியது. 2002இல் அஞ்சல் குறியீட்டு எண்ணையே எடுத்துவிட்டார்கள். வழக்குகள் இழுத்து, கடைசியாக 2013இல் ஓர் உடன்பாடு: மிச்சம் இருந்த 7 பேரும் உயிரோடு இருக்கும்வரை அங்கேயே இருக்கலாம்.

எனக்கு இதில் தாங்க முடியாதது அந்த 345க்கும் 200க்கும் நடுவில் இருக்கும் கோடுதான். ஒரே தேவாலயத்துக்குப் போய், ஒரே திருவிழாவில் பிளீனி தின்றவர்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தீதான் பெரிது. அங்கே இருந்தவர்களைக் கேட்டால் அந்தப் பிரிவினையைத்தான் முதலில் சொல்வார்கள் என்று எங்கள் மூத்தவர் சொல்கிறார்.

பிப்ரவரி 2

போன வாரம் நானும் அந்த மூத்தவரும் போய்வந்தோம். எழுத எழுத நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

தெருக்கள் இருக்கின்றன. நடைபாதை ஓரக்கல் இருக்கிறது. வீடுகள் இல்லை, அந்த இடத்தில் மரம் வளர்ந்திருக்கிறது. மேலே குன்றின் சரிவில் 1911இல் கட்டிய உக்ரேனியத் தேவாலயம் வெள்ளையாக, நீலக் கும்பங்களோடு நிற்கிறது. அதன் கீழே கெட்டிப் பாறைதான், நிலக்கரி இல்லை என்று ஆய்வில் தெரிந்ததால் இடிக்காமல் விட்டார்கள். ஊரை விட்டுப் போனவர்கள் இன்றைக்கும் வழிபாட்டுக்கு வருகிறார்கள். கீழே லோகஸ்ட் அவென்யூவில் ஊராட்சிக் கட்டடம் நிற்கிறது. மூத்தவர் அங்கே வண்டியை ஓரங்கட்டி இறங்கிச் சும்மா கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய மாமா ஒருவர் பக்கத்து ஊர்க் குழுவில் இருந்தவர். சென்ட்ராலியா ஆட்களைப் பற்றி அவர் ஒரு நாளும் தரக்குறைவாகப் பேசியதில்லையாம். "அன்றைக்கு எங்களைக் கேட்டிருந்தாலும் நாங்களும் போயிருப்போம்" என்பாராம்.

ஊரின் நூற்றாண்டுக்கு 1966இல் புதைத்த நினைவுப் பெட்டகத்தை 2016இல் திறக்க இருந்தார்கள். யாரோ திருட முயன்றதால் 2014இலேயே எடுத்தார்கள். உள்ளே தண்ணீர் புகுந்து பாதிக்கு மேல் வீணாகிவிட்டிருந்தது. சுரங்கத் தலைக்கவசம் மாதிரிச் சில பொருட்கள் தப்பின. 1966 என்றால் தீ தொடங்கி நான்கு வருடம். 50 வருடம் கழித்துத் திறக்க ஆள் இருப்பார்கள் என்று நம்பித்தான் புதைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 3

"இவ்வளவு சொல்கிறீர்களே, இன்றைக்கு இந்தக் குழுக்கள் எப்படி இருக்கின்றன?" மோசமாக. 1970களில் பென்சில்வேனியாவில் சுமார் 3 லட்சம் தன்னார்வத் தீயணைப்பாளர்கள். 2018இல் மாநிலச் சட்டமன்றக் குழு அறிக்கை கொடுத்தபோது சுமார் 38,000. பயிற்சி நேரம் கூடிவிட்டது, வேலை ஊருக்கு வெளியே போய்விட்டது. பகல் இரண்டு மணிக்குப் பேஜர் அடித்தால் ஓட்டுநருக்கே திண்டாட்டம். பக்கத்துக் குழுக்களோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சு எங்கள் ஊரிலும் ஓடுகிறது. வாக்கெடுப்பு வந்தால் நான் ஆதரித்துத்தான் வாக்களிப்பேன். வண்டியின் பக்கத்தில் எழுதிய பெயரை விட, வண்டி கிளம்புவது முக்கியம்.

இங்கே இருக்கும் தமிழர்கள் யாராவது இதைப் படித்தால்: உள்ளே போய்த் தீயணைக்க வேண்டும் என்று இல்லை. கணக்கு எழுத, சாலையில் நிற்க, கோழி சுட, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். செவ்வாய் இரவுகளில் கதவு திறந்திருக்கும், நேராகப் போய்ப் பேசுங்கள். முதல் நாளே காப்பி கொடுத்து வேலையும் கொடுத்துவிடுவார்கள்.

பிப்ரவரி 9

கோடையில் குடும்பத்தோடு சென்ட்ராலியா பார்க்கப் போகலாமா என்று கேட்டவருக்கு. தேவாலயம், இடுகாடுகள், பொதுச்சாலைகள் வரை தாராளமாகப் போகலாம். இடுகாட்டில் சத்தம் போடாதீர்கள், அங்கே உறவினர்கள் வருவார்கள். படங்களில் பார்த்த, வண்ணம் பூசிய பழைய 61ஆம் எண் நெடுஞ்சாலை இப்போது இல்லை. தனியார் நிலம், 2020 ஏப்ரலில் மண் கொட்டி மூடிவிட்டார்கள். புகை வருகிறது என்று சொல்லும் சரிவுகளில் ஏறாதீர்கள். மேலே புல் இருக்கும், கீழே என்ன இருக்கும் என்று தெரியாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. அங்கே யாராவது விழுந்தால் தூக்க வருவது பக்கத்து ஊர்த் தன்னார்வக் குழுதான், அதுவும் வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டும்.

சாப்பாட்டுக்கு, கோடை வார இறுதி என்றால் அந்த வட்டாரத்தில் ஏதாவது ஒரு ஃபயர் கம்பெனி திருவிழா கண்டிப்பாக நடக்கும். பிளீனியைச் சூடாக, உப்பு தூவி வாங்கிச் சாப்பிடுங்கள்.